பூட்டிய ஒப்பந்தம், திறந்த திடல்: பெர்லின் மக்கள் வாக்களித்த கதை

2010 அக்டோபர் இறுதியில், பெர்லினிலிருந்து வெளிவரும் டாட்ஸ் நாளிதழ் ஓர் ஒப்பந்தத்தை வெளியிட்டது. பதினோரு ஆண்டுகளாக நகரவாசிகளின் கண்ணில் படாமல் காக்கப்பட்ட ஒப்பந்தம் அது. குழாயில் வரும் தண்ணீருக்கு எப்படி விலை வைக்கப்படும், அந்த விலைக்குள் யாருடைய லாபம் எவ்வளவு ஒளிந்திருக்கும் என்பதையெல்லாம் அதன் பக்கங்கள் சொல்லின. சில நாட்களுக்குள் நகர அரசே அந்த ஆவணங்களை வெளியிட்டது. அதற்குள் 2,80,000-க்கும் மேற்பட்டோர், ஒப்பந்தத்தை வெளியிடச் சொல்லிக் கையெழுத்திட்டு முடித்திருந்தார்கள்.

பெர்லின் ஒரே நேரத்தில் நகரமும் மாநிலமுமாக இருக்கும் ஊர். செனட் என்ற அமைச்சரவையும் தனிச் சட்டமன்றமும் அதற்கு உண்டு. அங்குள்ளவர்கள் 2008-இலிருந்து விமான நிலையம், தண்ணீர், மின்சாரம், ஒரு பரந்த திடல், வாடகை வீடுகள் எனப் பலவற்றைப் பற்றி வாக்குச்சாவடிக்குப் போய் முடிவு சொல்லியிருக்கிறார்கள். சில முடிவுகள் சட்டமாயின, சில காகிதத்தில் நின்றன. மக்கள் எந்தப் பக்கம் அதிகம் நின்றார்கள் என்பதை மட்டும் பார்த்தால் இந்த வேறுபாடு புரியாது. ஆவணம் யார் கையில் இருந்தது, வாக்கெடுப்பு எந்த நாளில் வைக்கப்பட்டது, மக்கள் முன் வந்தது சட்ட முன்வரைவா வெறும் கோரிக்கையா என்ற மூன்றையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

கடனும் விற்பனையும்

1990-இல் இரு ஜெர்மனிகளும் ஒன்றான பிறகு பெர்லினின் கருவூலம் விரைவாக வறண்டது. பிரிந்து கிடந்த காலத்தில் மேற்கு பெர்லினுக்குக் கிடைத்துவந்த மத்திய அரசின் பெரும் மானியம் வெட்டப்பட்டது. தொழிற்சாலைகள் மூடப்பட்டன, கடன் ஏறியது. நகரம் தன் சொத்துகளை விற்கத் தொடங்கியது. பேவாக் என்ற மின்சார நிறுவனம் 1997-இலும், காசாக் என்ற எரிவாயு நிறுவனம் 1998-இலும் கைமாறின. 1999-இல் தண்ணீரின் முறை வந்தது.

பெர்லின் குடிநீர், கழிவுநீர் நிறுவனத்தின் 49.9 விழுக்காட்டுப் பங்கை ஆர்.டபிள்யூ.இ., விவெண்டி முதலிய நிறுவனங்கள் அடங்கிய கூட்டணி வாங்கியது. விவெண்டியின் நீர்ப் பிரிவுதான் பின்னாளில் வியோலியா ஆனது. விலை 330 கோடி மார்க், இன்றைய நாணயத்தில் சுமார் 169 கோடி யூரோ. எஞ்சிய 50.1 விழுக்காடு நகரத்திடமே இருந்ததால், நிறுவனம் பொதுமக்களுடையதாகவே தொடர்கிறது என்று அரசு சொன்னது. விற்றவர்களிடமும் காரணங்கள் இருந்தன. கடன் நெருக்கடி உண்மையானது. 2003 இறுதிவரை கட்டணம் உயராது என்றும், ஊழியர்கள் ஆட்குறைப்புக்கு ஆளாக மாட்டார்கள் என்றும் உறுதி பெறப்பட்டிருந்தது.

2004 முதல் கட்டணம் ஏறியது. சில ஆண்டுகளுக்குள் மூன்றில் ஒரு பங்கு அளவுக்குக் கூடியது. ஏன் இந்த ஏற்றம் என்று கேட்ட நகரவாசிகளுக்கும், சட்டமன்ற உறுப்பினர்கள் பலருக்கும் கிடைத்த பதில் ஒன்றுதான்: ஒப்பந்தம் வணிக ரகசியம்.

அந்த ரகசியத்தின் உள்ளே இருந்தது ஒரு வட்டிக் கணக்கு. நிறுவனத்தின் இயக்கத்துக்குத் தேவையான மூலதனத்துக்கு ஆண்டுதோறும் ஈவு சேர்த்து அதைக் கட்டணத்தில் ஏற்றலாம். ஈவு விகிதத்துக்கு அடிப்படை, பத்தாண்டு அரசுக் கடன் பத்திரங்கள் இருபது ஆண்டுகளில் ஈட்டிய சராசரி வட்டி. அதற்கு மேல் 2 புள்ளி. இந்தக் கூடுதல் 2 புள்ளியை 1999 அக்டோபரிலேயே பெர்லின் அரசியல் சாசன நீதிமன்றம் செல்லாது என்றது. ஆனால் நீதிமன்றம் இப்படித் தீர்ப்புச் சொன்னால் முதலீட்டாளர்களுக்கு நேரும் இழப்பை நகர அரசு ஈடுகட்ட வேண்டும் என்ற விதி ஒப்பந்தத்தில் முன்பே எழுதப்பட்டிருந்தது. சட்டத்திலிருந்து நீதிமன்றம் அகற்றியது, நகரத்தின் பங்கு லாபத்தைக் குறைத்துக்கொண்டு, ஒப்பந்தத்தின் வழியே முதலீட்டாளர்களுக்குப் போய்ச் சேர்ந்தது. பெரும்பான்மைப் பங்கு பெர்லினுடையது, லாபத்தின் பெரும்பகுதி மற்றவர்களுடையது என்ற நிலை உருவானது இப்படித்தான்.

இதைத் தேர்தல் மேடையில் எத்தனை முறை முழங்கியிருந்தாலும் பயன் இருந்திருக்காது. விதி எண்ணோடு, சொல்லுக்குச் சொல், காகிதத்தில் படித்த பிறகுதான் அது விவாதிக்கத் தக்க செய்தியானது.

காகிதத்தைக் கேட்ட வாக்கெடுப்பு

2006-இல் பெர்லினர் வாசர்டிஷ் என்ற குடிமக்கள் அமைப்பு தோன்றியது. வாடகைதாரர்கள், சுற்றுச்சூழல் ஆர்வலர்கள், தொழிற்சங்கத்தினர், கூட்டாக ஒப்பந்தம் படிக்கும் ஆர்வமுள்ளவர்கள் எனப் பலர் அதில் இருந்தார்கள். நிறுவனத்தைத் திரும்ப வாங்கு என்று அவர்கள் நேரடியாகக் கேட்கவில்லை. கேட்டிருந்தால் வரவுசெலவுத் திட்டத்தில் தலையிடுகிறார்கள் என்ற தடை எழுந்திருக்கும். தண்ணீர் ஒப்பந்தங்கள் எல்லாவற்றையும் வெளியிட வேண்டும், வெளியிடாதவை செல்லாமல் போகும் என்று ஒரு சட்ட முன்வரைவை எழுதினார்கள்.

பெர்லினில் ஒரு மக்கள் வாக்கெடுப்பு மூன்று படிகளில் ஏறி வர வேண்டும். முதலில் 20,000 கையெழுத்துகள். அடுத்து நான்கு மாதங்களுக்குள் வாக்காளர்களில் 7 விழுக்காட்டினரின் கையெழுத்து. கடைசியில் வாக்கெடுப்பு. அதில் பெரும்பான்மை கிடைத்தால் மட்டும் போதாது. ஆம் என்றவர்களின் எண்ணிக்கை மொத்த வாக்காளர்களில் 25 விழுக்காட்டையாவது எட்ட வேண்டும். வீட்டிலேயே இருந்துவிட்டவர்களும் நடைமுறையில் இல்லை என்றவர்களின் கணக்கில் சேர்ந்துவிடும் விதி இது.

முதல் படி முடிந்ததும் செனட் 2008-இல் முன்வரைவை ஏற்க மறுத்தது. 2009-இல் நீதிமன்றம் அந்த மறுப்பை ரத்து செய்தது. இரண்டாம் படியில் தேவைக்கும் அதிகமாகக் கையெழுத்துகள் சேர்ந்தன. நாளிதழ் ஒப்பந்தத்தை வெளியிட்டதும் அரசும் வெளியிட்டது. இனி வாக்கெடுப்பு தேவையில்லை என்று அரசு வாதிட்டது. 2011 பிப்ரவரி 13, ஒரு குளிர்கால ஞாயிறு. வேறு எந்தத் தேர்தலும் அன்று இல்லை. 27.5 விழுக்காட்டினர் வந்தார்கள். வந்தவர்களில் 98.2 விழுக்காட்டினர், 6,66,000-க்கும் மேற்பட்டோர், ஆம் என்றார்கள். 25 விழுக்காட்டு எல்லை மயிரிழையில் தாண்டப்பட்டது. பெர்லின் வரலாற்றில் வென்ற முதல் மக்கள் வாக்கெடுப்பு இது.

அதற்குப் பிறகு நிகழ்ந்தவை அந்தச் சட்டத்தின் எழுத்தில் இல்லாதவை. 2012-இல் ஜெர்மனியின் மத்திய போட்டி ஆணையம் பெர்லினின் குடிநீர் விலை மிகை என்று தீர்மானித்து, அதை ஏறத்தாழ 18 விழுக்காடு குறைக்க ஆணையிட்டது. ஆண்டுக்குச் சுமார் 6 கோடி யூரோ நகரவாசிகளின் கணக்கில் குறைந்தது. 2012-இல் ஆர்.டபிள்யூ.இ. நிறுவனத்தின் பங்கையும், 2013-இல் வியோலியாவின் பங்கையும் நகரம் திரும்ப வாங்கியது. இரண்டுக்கும் சேர்த்து 120 கோடி யூரோவுக்கும் மேல் செலவானது.

வாசர்டிஷ் அமைப்பினர் இதை வெற்றி விழாவாகக் கொண்டாடவில்லை. நியாயமற்ற ஒப்பந்தத்தை நீதிமன்றத்தில் உடைத்திருக்க வேண்டும், முதலீட்டாளர்கள் கேட்ட விலையைக் கொடுத்துவிட்டு அந்தக் கடனைப் பல ஆண்டுகளுக்குத் தண்ணீர்க் கட்டணத்தில் ஏற்றுவது மக்களிடமே இரண்டாம் முறை வசூலிப்பதாகும் என்றார்கள். அவர்கள் வாதத்தில் வலுவுண்டு. விற்றபோது கிடைத்த பணம் கடன் கணக்கில் கரைந்துபோனது. திரும்ப வாங்கிய பணத்தைக் குழாயைத் திறக்கும் ஒவ்வொருவரும் தவணையாகக் கட்டுகிறார்கள். பொதுப்பயன்பாட்டுச் சேவை ஒன்றை விற்கும் முன் அதன் ஒப்பந்தம் வெளிச்சத்தில் படிக்கப்பட வேண்டும் என்பதற்கு இந்த இரட்டைச் செலவே சான்று.

நாள் குறிக்கும் அதிகாரம்

தண்ணீரில் கிடைத்த வெற்றி மின்சாரத்துக்கும் தெம்பு கொடுத்தது. பழைய பேவாக் நிறுவனம் அப்போது சுவீடன் அரசுக்குச் சொந்தமான வாட்டன்ஃபாலின் கையில் இருந்தது. நகரத் தெருக்களுக்கு அடியில் மின்கம்பி வலையமைப்பை நடத்தும் உரிமம் 2014 இறுதியில் முடிய இருந்தது. வலையமைப்பை நகரமே எடுத்து நடத்த வேண்டும், புதுப்பிக்கத்தக்க மின்சாரம் தரும் நகர நிறுவனம் ஒன்று வேண்டும், அதன் நிர்வாகத்தில் குடிமக்கள் தேர்ந்தெடுத்த உறுப்பினர்கள் இருக்க வேண்டும் என்று எனர்கீடிஷ் என்ற அமைப்பு ஒரு சட்ட முன்வரைவை எழுதியது. 2013 கோடையில் 2,20,000-க்கும் மேற்பட்ட செல்லத்தக்க கையெழுத்துகள் சேர்ந்தன.

அந்த ஆண்டு செப்டம்பர் 22 அன்று ஜெர்மனி முழுவதும் நாடாளுமன்றத் தேர்தல். அன்றே வாக்கெடுப்பையும் வைத்தால் தனிச் செலவு மிச்சம், வருகையும் மிகுதி. செனட் நவம்பர் 3-ஐக் குறித்தது.

வந்தவர்களில் 83 விழுக்காட்டினர் ஆம் என்றார்கள். மொத்த வாக்காளர்களில் அது 24.1 விழுக்காடு. எல்லைக்கு ஏறத்தாழ 21,000 வாக்குகள் குறைவு. முன்வரைவு தோற்றது.

வடக்கே ஹாம்பர்க் நகரத்தில் இதே கேள்வி, அதே வாட்டன்ஃபால். அங்கே வாக்கெடுப்பு செப்டம்பர் 22 அன்றே, நாடாளுமன்றத் தேர்தலோடு சேர்த்து நடந்தது. ஆம் என்றவர்கள் 50.9 விழுக்காடுதான். ஹாம்பர்க் வென்றது, நகரம் மின் வலையமைப்பை வாங்கியது. ஆறு வாரங்களின் இடைவெளி, 83 விழுக்காட்டைத் தோல்வியாக்கியது. ஹாம்பர்க்கின் விதிகள் சற்று வேறு என்பது உண்மை. ஆனாலும் பெர்லினில் குறைந்த 21,000 வாக்குகள் ஒரு பொதுத்தேர்தல் நாளில் கிடைத்திருக்காது என்று யாரும் நேர்மையாகச் சொல்ல முடியாது.

முன்வரைவை எதிர்க்கும் ஓர் அரசின் கையிலேயே வாக்கெடுப்பு நாளைக் குறிக்கும் உரிமையும் இருப்பது பெரிய குறை. 2023-இலும் இதே காட்சி நடந்தது. பெர்லின் சட்டமன்றத்துக்கு பிப்ரவரி 12 அன்று மறுதேர்தல். நகரம் தன் கரியமில வாயுவைக் குறைக்கும் காலக்கெடுவை முன்னுக்குக் கொண்டுவரும் வாக்கெடுப்பு மார்ச் 26-க்குத் தள்ளப்பட்டது. ஆம் வாக்குகள் பாதியைத் தாண்டின, 25 விழுக்காட்டு எல்லையை எட்டவில்லை.

மின்சாரக் கதை அங்கேயே முடியவில்லை. உரிமத்துக்காக நகரமும் வாட்டன்ஃபாலும் ஆண்டுக்கணக்கில் நீதிமன்றங்களில் மோதிக்கொண்டன. 2021-இல் பெர்லின் அந்த வலையமைப்பைச் சுமார் 214 கோடி யூரோவுக்கு வாங்கியது. 2013-இல் வாக்குச்சீட்டில் தோற்ற திட்டத்தின் முக்கியப் பகுதி, எட்டு ஆண்டுகள் கழித்து அரசின் கையெழுத்தோடு நிறைவேறியது. குடிமக்கள் தேர்ந்தெடுக்கும் நிர்வாக உறுப்பினர்கள் என்ற பகுதி மட்டும் வழியில் விடுபட்டுப்போனது.

முன்னூறு ஹெக்டேர் வெட்டவெளி

தண்ணீரும் மின்சாரமும் மண்ணுக்கு அடியில் ஓடுகின்றன, மாதக் கட்டணச் சீட்டில் மட்டும் தலைகாட்டுகின்றன. நகரத்தின் வெளிகள் அப்படியல்ல, ஒவ்வொருவரின் காலடியிலும் இருக்கின்றன. டெம்பல்ஹோஃப் அப்படிப்பட்ட வெளி.

நகர மையத்திலிருந்து சில கிலோமீட்டர் தெற்கே, நெருக்கமான குடியிருப்புகளுக்கு நடுவே இருந்த விமான நிலையம் அது. 1948-இல் சோவியத் படைகள் மேற்கு பெர்லினுக்கான தரைவழிகளை அடைத்தபோது, மாவும் நிலக்கரியும் ஏற்றிய அமெரிக்க, பிரிட்டிஷ் விமானங்கள் வந்திறங்கிய இடங்களில் ஒன்று. அதனாலேயே மேற்குப் பகுதியின் மூத்தோருக்கு அதன்மேல் தீராத பற்று உண்டு. அதை மூடக்கூடாது என்று 2008 ஏப்ரலில் நடந்த வாக்கெடுப்பில் வந்தவர்களில் 60 விழுக்காட்டினர் ஆதரித்தும் 25 விழுக்காட்டு எல்லை எட்டப்படவில்லை. அந்த ஆண்டு அக்டோபர் 30 அன்று கடைசி விமானம் கிளம்பியது.

2010 மே மாதம் வேலிக் கதவுகள் திறக்கப்பட்டன. ஏறத்தாழ 300 ஹெக்டேர், அதாவது 700 ஏக்கருக்கும் மேற்பட்ட வெட்டவெளி. ஓடுபாதைகளில் சைக்கிள்களும் பட்டங்களும், ஓரங்களில் பெட்டித் தோட்டங்களும், புல்வெளியில் கூடு கட்டும் வானம்பாடிகளும் வந்துசேர்ந்தன. செனட் அதன் விளிம்புகளில் சுமார் 4,700 வீடுகளும் ஒரு பெரிய மைய நூலகமும் கட்டத் திட்டமிட்டது. நடுப்பகுதி வெட்டவெளியாகவே விடப்படும் என்றது.

இந்தத் திட்டத்தை எளிதில் ஒதுக்கிவிட முடியாது. பெர்லினில் வாடகை அப்போதே ஏறிக்கொண்டிருந்தது. வீடு தேடி அலையும் குடும்பத்துக்கு வானம்பாடியின் கூடு ஆறுதல் தராது. ஆனால் அந்த வீடுகளில் எத்தனை, எந்த வாடகைக்குக் கிடைக்கும் என்பதை அரசு சட்டத்தில் உறுதியாக எழுதவில்லை. இங்கேயும் சிக்கல் எழுத்தில்தான் இருந்தது. விளிம்பில் மட்டும் கட்டுவோம் என்ற வாக்குறுதியை அடுத்த அரசு மாற்றினால் என்ன செய்வது என்ற ஐயமும் சேர்ந்துகொண்டது.

2014 மே 25, ஐரோப்பிய நாடாளுமன்றத் தேர்தல் நாள். திடல் முழுவதையும் கட்டடமில்லாமல் காக்கும் சட்ட முன்வரைவுக்கு 64.3 விழுக்காட்டினர் ஆம் என்றார்கள். மொத்த வாக்காளர்களில் அது ஏறத்தாழ 30 விழுக்காடு. அதே சீட்டில் இருந்த செனட்டின் மாற்று முன்வரைவு பெரும்பான்மை பெறவில்லை. குறித்த நாளும் முழுமையான சட்ட எழுத்தும் ஒன்று சேர்ந்தபோது முடிவு தெளிவாக வந்தது.

அப்படி வந்த சட்டமும் கல்வெட்டல்ல. 2015-இல் அகதிகள் பெருமளவில் வந்தபோது விமானக் கொட்டகைகள் தங்குமிடமாயின. அடுத்த ஆண்டு திடலின் ஓரத்தில் தற்காலிக வீடுகள் வைக்கச் சட்டமன்றம் சட்டத்தைத் திருத்தியது. 2023-இல் பதவிக்கு வந்த கூட்டணி அரசு விளிம்பில் கட்டும் பேச்சை மறுபடி எடுத்தது. குலுக்கல் முறையில் தேர்ந்தெடுத்த சுமார் 275 நகரவாசிகளை 2024-இல் கூட்டி கருத்துக் கேட்டது. அந்தக் கூட்டத்தின் பரிந்துரைகள் பெரும்பாலும் திடலை இப்போதுள்ளபடியே விடும் பக்கம் சாய்ந்தன. பத்தாண்டில் பெர்லினின் வாடகை எவ்வளவோ மாறியும் இந்தத் திடலைப் பற்றிய மனம் பெரிதாக மாறவில்லை.

ஐந்நூறு மீட்டர் தெரு

நகரின் நடுவே, கடைகள் நிறைந்த ஃப்ரீட்ரிக் தெருவில் எந்த வாக்கெடுப்பும் நடக்கவில்லை. அங்கே அரசாணையும் நீதிமன்றமும் மாறி மாறிப் பேசின. 2020 ஆகஸ்டில் சுமார் 500 மீட்டர் நீளத்துக்குக் கார்கள் தடுக்கப்பட்டன. பெஞ்சுகளும் மரத்தொட்டிகளும் சைக்கிள் தடமும் வந்தன. சோதனைக் காலம் முடிந்த பிறகும் தடை நீடித்தது. பக்கத்துத் தெருவில் கடை வைத்திருந்த வணிகர் ஒருவர் வழக்குத் தொடுத்தார். 2022 அக்டோபரில் நிர்வாக நீதிமன்றம், சோதனை முடிந்துவிட்டதால் தடைக்குச் சட்ட அடிப்படை இல்லை என்றது. நவம்பரில் கார்கள் திரும்பின.

பசுமைக் கட்சியின் போக்குவரத்து அமைச்சர் பெட்டினா யராஷ், இம்முறை முறையான சட்ட வழியில் 2023 ஜனவரி இறுதியில் தெருவை மறுபடி நடப்போருக்கு ஒதுக்கினார். மறுதேர்தலுக்கு இரண்டே வாரங்கள் இருந்தன. தேர்தலில் ஆட்சி மாறியது, புதிய அமைச்சர் ஜூலை 1 அன்று கார்களுக்குத் தெருவைத் திறந்துவிட்டார். மூன்று ஆண்டுகளுக்குள் ஒரே தெரு இரண்டு முறை மூடப்பட்டு, இரண்டு முறை திறக்கப்பட்டது.

இந்த அலைக்கழிப்பில் அந்தத் தெருவுக்கு எது நல்லது என்று சோதித்துப் பார்க்க நிதானமான காலமே கிடைக்கவில்லை. கார் இருந்தபோதும் வணிகம் தளர்ந்துதான் இருந்தது. 2024 ஜூலையில் அங்கிருந்த கேலரீஸ் லஃபாயெட் பேரங்காடி மூடப்பட்டது. காலியான கட்டடத்தை நகரத்தின் மைய நூலகத்துக்குக் கொடுக்கலாம் என்ற யோசனை முன்பே எழுந்திருந்தது. 2014-இல் டெம்பல்ஹோஃப் திடலில் கட்டத் திட்டமிட்டு, வாக்கெடுப்பில் இடமிழந்த நூலகம் அதுதான். பணம் ஒதுக்கப்படாமல் அந்த யோசனையும் கைகூடவில்லை. பல கட்டடங்களில் பிரிந்துகிடக்கும் நூலகம் இன்னும் இடம் தேடுகிறது. திடலைக் காத்தவர்கள் வென்றார்கள், நூலகம் வேண்டியவர்களுக்கு மாற்று இடம் யாரும் தரவில்லை. வேண்டாம் என்ற முடிவைச் சட்டமாக்கிய நகரம், வேண்டும் என்பதைச் சட்டமாக்கும் வழியை இன்னும் கண்டுபிடிக்கவில்லை.

கோரிக்கையும் சட்டமும்

2021 செப்டம்பர் 26 அன்று பெர்லின் தன் மிகப் பெரிய கேள்விக்கு வாக்களித்தது. நகரத்தில் 3,000-க்கும் மேற்பட்ட வீடுகளை வைத்திருக்கும் தனியார் நிறுவனங்களின் வீடுகளைப் பொதுவுடைமையாக்க வேண்டுமா என்ற கேள்வி. நாடாளுமன்றத் தேர்தலும் மாநிலத் தேர்தலும் அன்றே நடந்ததால் சாவடிகள் நிரம்பி வழிந்தன. 10 லட்சத்துக்கும் மேற்பட்டோர், 59.1 விழுக்காட்டினர், ஆம் என்றார்கள். தண்ணீர், மின்சாரம், திடல் எதற்கும் இத்தனை ஆதரவு வாக்குகள் விழுந்ததில்லை.

ஆனால் அது சட்ட முன்வரைவு அல்ல. உரிய சட்டத்தை இயற்றும்படி செனட்டைக் கேட்கும் தீர்மானம். செனட் ஒரு வல்லுநர் குழுவை அமைத்தது. ஜெர்மனியின் அடிப்படைச் சட்டத்தின் 15-ஆம் பிரிவின்படி இது இயலும் என்று அந்தக் குழுவின் பெரும்பான்மை 2023 ஜூனில் அறிக்கை தந்தது. அதன் பிறகும் ஒரு வீடுகூடக் கைமாறவில்லை. 6,66,000 வாக்குகள் தண்ணீர் ஒப்பந்தங்களை வெளியிடுவதைச் சட்டமாக்கின, 10 லட்சம் வாக்குகளால் ஓர் அறிக்கையைத்தான் பெற முடிந்தது.

அந்த வாக்கெடுப்பைக் கொண்டுவந்த இயக்கத்தினர் 2023 செப்டம்பரில் தங்கள் அடுத்த முடிவை அறிவித்தார்கள். இரண்டாவது வாக்கெடுப்புக்குப் போவது, இம்முறை இழப்பீட்டுக் கணக்கு, நிர்வாக அமைப்பு உள்பட முழுச் சட்டத்தையும் வழக்கறிஞர்களோடு சேர்ந்து தாங்களே எழுதிக்கொண்டு போவது. 20,000 கையெழுத்து என்ற முதல் படியிலிருந்து எல்லாவற்றையும் அவர்கள் மறுபடி தொடங்க வேண்டும். அந்த வாக்கெடுப்பு எந்த நாளில் நடக்கும் என்பதைக் குறிக்கும் உரிமை, இப்போதும் செனட்டிடமே இருக்கிறது.